இன்ஸ்டால் கேக்கலைன்னா போர்ட்டபிள் ஆயிருமா?

இந்த வாட்டி வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல பென்டிரைவ், போர்ட்டபிள் டூல் (செட்டிங்கோட சேத்து பென்டிரைவ்லயே கொண்டு போயி எந்த சிஸ்டத்துலயும் ஓட்டற சாஃப்ட்வேர்) சம்பந்தமாவே இருந்துச்சு, அதனால மத்ததை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதையெல்லாம் ஒண்ணா எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணே, சிம்மக்கல்ல சின்னதா டிடிபி கடை வச்சிருக்கேன். ஒரு பென்டிரைவ்ல முப்பது டூல் இருக்கும், எல்லா ஃபைல் பேர்லயும் போர்ட்டபிள்னு போட்டிருக்கு. ஆனா கடை சிஸ்டத்துல செட் பண்ணி வச்சதெல்லாம் வீட்டு சிஸ்டத்துல சொருகினா காணாமப் போயிருது. எது நெசமாவே போர்ட்டபிள்னு எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது?
– சிம்மக்கல் வாசகர்

பதில்: தம்பி, பேர்ல என்ன போட்டிருக்குங்கறதை மொதல்ல விட்டுருங்க, பேரை யாரு வேணா மாத்தி எழுதலாம். டபுள் கிளிக் பண்ண உடனே இன்ஸ்டால் கேக்காமத் தொறந்துட்டா அது போர்ட்டபிள்னு முக்காவாசிப் பேரு நெனைச்சுக்கிறாய்ங்க. இன்ஸ்டால் இல்லாம ஓடுறது வேற, நம்ம கூடவே மூட்டை கட்டிக்கிட்டு வர்றது வேற. கல்யாண மண்டபத்துக்கு சமைக்க வர்ற மாஸ்டருங்களைப் பாத்திருப்பீங்க, ஒருத்தரு கரண்டி, சட்டுவம், அருவாமனை, மசாலா டப்பான்னு எல்லாத்தையும் ஒரு சாக்குல கட்டிக் கொண்டாந்து, பந்தி முடிஞ்சதும் கழுவி அதே சாக்குல போட்டு எடுத்துக்கிட்டுப் போயிருவாரு, இன்னொருத்தரு மண்டபத்துச் சாமானை வச்சே சமைச்சுட்டு தன் மசாலா டப்பாவை அங்கனயே விட்டுட்டுப் போயி அடுத்த மண்டபத்துல வந்து தேடுவாரு. உங்க பென்டிரைவ்ல இருக்கறதுல பாதி இந்த ரெண்டாவது ஆளு.

டப்பாவை எங்க விட்டுட்டு வருதுன்னா ரெண்டே இடந்தான் பெரும்பாலும். ஒண்ணு விண்டோஸ் ரெஜிஸ்ட்ரில, அதாவது விண்டோஸும் சாஃப்ட்வேர்களும் செட்டிங்கைக் குறிச்சு வைக்கற பதிவேட்டுல, கரன்ட் யூஸருக்குக் கீழ இருக்கற சாஃப்ட்வேர்ங்கற பகுதி. இன்னொண்ணு யூஸர் ஃபோல்டருக்குள்ள மறைஞ்சு கெடக்கற ஆப்டேட்டாங்கற ஃபோல்டர். சர்வர்ல வேலை பாக்கறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பட்டின்னு (PuTTY) ஒரு டூல் இருக்கு, தூரத்துல இருக்கற சர்வருக்குள்ள போறதுக்கு, சைமன் டாத்தம் எழுதினது, ஒரே ஒரு இஎக்ஸ்இ ஃபைல், அதாவது டபுள் கிளிக் பண்ணா ஓடற ஃபைல், எங்க கொண்டு போயி வச்சாலும் ஓடும், அருமையான டூல். ஆனா நீங்க சேவ் பண்ற ஒவ்வொரு செஷனும், அதாவது சர்வர் இணைப்பு விவரமும், ரெஜிஸ்ட்ரில அவரு பேர்லயே இருக்கற ஒரு பகுதிக்குள்ள போயி உக்காந்துக்கும். நீங்க எந்த சர்வருக்குப் போனீங்க, என்ன யூஸர் பேருன்னு அடுத்தவங்க சிஸ்டத்துல எழுதி வச்சுட்டு வந்த மாதிரிதான். அதைத் தொடைக்க அதுலயே க்ளீனப்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, இருக்குன்னு தெரிஞ்சாத்தான செய்வோம். ஜிப் ஃபைலைப் பிரிக்கற செவன்-ஜிப்பும் அப்படித்தான், ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணா நல்லா ஓடும், செட்டிங் மட்டும் ரெஜிஸ்ட்ரில. மைக்ரோசாஃப்ட் 2006ல வாங்கின சிஸ்இன்டர்னல்ஸ்ங்கற, விண்டோஸுக்குள்ள என்ன நடக்குதுன்னு காட்டுற டூல்களை எல்லாரும் போர்ட்டபிள்ங்கிறோம், மொத தடவை தொறக்கறப்ப ஒரு லைசென்ஸ் பெட்டி வரும்ல, அதுல அக்ரீ அமுக்கினீங்கன்னா அதைக் கூட ரெஜிஸ்ட்ரிலதான் குறிச்சு வைக்கும், அதான் புது சிஸ்டத்துல போட்டா அந்தப் பெட்டி திரும்ப வருது. இதெல்லாம் மோசமான டூல்னு சொல்லவே இல்ல, தெனமும் நானே வச்சு வேலை பாக்கறேன், எதை விட்டுட்டு வருதுன்னு தெரிஞ்சு வச்சுக்கணும்னு சொல்றேன்.

இப்ப சோதனைக்கு வருவோம், நான் என் மேசைல செய்றதை அப்படியே சொல்றேன். பென்டிரைவ்ல புதுசா ஒரு ஃபோல்டர் போட்டு அதுல அந்த ஒரு டூலை மட்டும் வைக்கிறேன். உள்ள எத்தனை ஃபைல் இருக்குன்னு எண்ணிக்கிறேன். தொறந்து, யாரும் வைக்காத மாதிரி ஒரு செட்டிங் வைக்கிறேன், எழுத்து சைஸை 17ன்னு வப்பேன், 17 யாரும் வைக்க மாட்டாங்க, பின்னாடி தேடறதுக்கு லேசா இருக்கும். டூலை மூடிட்டு ஃபோல்டரைப் பாக்கறேன். புதுசா ஒரு ஐஎன்ஐயோ சிஎஃப்ஜியோ எக்ஸ்எம்எல்லோ, அதாவது செட்டிங் எழுதி வைக்கற ஃபைல், மொளைச்சிருக்கா, இல்ல இருந்த ஃபைல்ல நேரம் மாறியிருக்கா. மாறியிருந்தா அதை நோட்பேட்ல தொறந்து 17ஐத் தேடறேன். இருந்தா பாதி பாஸ். நிர்சாஃப்ட்ங்கற சைட்ல கெடைக்கற சின்னச் சின்ன டூல்கள் எதையாச்சும் எடுத்து செஞ்சு பாருங்க, இஎக்ஸ்இ பக்கத்துலயே அதே பேர்ல ஒரு சிஎஃப்ஜி வந்து உக்காரும், பாக்கவே சந்தோஷமா இருக்கும். ஒண்ணுமே மாறலைன்னா 17 வேற எங்கயோ போயிருச்சுன்னு அர்த்தம், ரன் பெட்டில ரெண்டு பக்கமும் பர்சென்ட் குறி போட்டு நடுவுல ஆப்டேட்டான்னு அடிச்சுப் பாருங்க, அங்கிட்டு இல்லைன்னா ரெஜிஸ்ட்ரி எடிட்டர்ல அந்த டூல் பேரைத் தேடுங்க.

அந்த நோட்பேட்ல இன்னொண்ணையும் பாக்கணும், நெறைய பேரு இதை விட்டுருவாங்க. உள்ள இ டிரைவ், ஜி டிரைவ்னு முழு பாதை எழுதியிருக்கான்னு பாருங்க. கடைல உங்க பென்டிரைவ் இ-ன்னு வரும், வீட்ல ஜி-ன்னு வரும், முழு பாதையா எழுதி வச்சிருந்தா வீட்ல போயி இல்லாத இ டிரைவைத் தேடிக்கிட்டு நிக்கும். இதைச் சோதிக்க ஃபோல்டர் பேரை மாத்திட்டு டூலைத் தொறந்தாலே போதும், 17 அப்படியே இருக்கான்னு தெரிஞ்சிரும்.

ரெண்டாவது சிஸ்டம் இல்லைங்கறவங்களுக்கு ஒரு வழி இருக்கு. அதே சிஸ்டத்துல விண்டோஸ்ல புதுசா ஒரு யூஸர் போடுங்க, அதுல லாகின் பண்ணி பென்டிரைவ்ல இருந்து தொறங்க. கரன்ட் யூஸர் ரெஜிஸ்ட்ரியும் ஆப்டேட்டாவும் ஆளுக்கு ஆள் தனி, அதனால அங்க ஒளிச்சு வச்சதெல்லாம் புது யூஸருக்குத் தெரியாது. அங்கயும் 17 வந்துச்சுன்னா செட்டிங் பெரும்பாலும் உங்க பென்டிரைவ்லதான் இருக்கு. விண்டோஸ் ப்ரோ வச்சிருந்தா இன்னும் நல்லது, 2019 மே மாச அப்டேட்டுல இருந்து சாண்ட்பாக்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஹோம்ல கெடையாது, ஒவ்வொரு தடவையும் துடைச்சு வச்ச தரை மாதிரி புது விண்டோஸ் தொறக்கும், அதுல ஓட்டிப் பாத்தா எதெது இல்லாம மொரண்டு பண்ணுதுன்னும் சேத்தே தெரியும்.

முழுசா பாக்கணும்னா ப்ராசஸ் மானிட்டர், அதுவும் சிஸ்இன்டர்னல்ஸ்தான், அட்மின் அனுமதி (சிஸ்டத்தை மாத்தற முழு அதிகாரம்) கேக்கும், சொந்த சிஸ்டத்துல வச்சுப் பாருங்க. ஃபில்டர்ல டூலோட பேரும், கேட்டகரி ரைட்டுங்கறதும் மட்டும் வச்சா அது எங்கெங்க எழுதுதுன்னு வரிசையா ஓடும். ஆனா அதுல வர்ற ஒவ்வொரு வரிக்கும் டூலைத் திட்டாதீங்க, ஃபைல் ஓப்பன் பெட்டி தொறந்தாலே விண்டோஸ் தன் பங்குக்கு கடைசியா தொறந்த ஃபைல் லிஸ்ட்டை ரெஜிஸ்ட்ரில எழுதும், அது அந்த டூல் பேர்லதான் வரும். நானே ஆரம்பத்துல இதை வச்சு ஒரு நல்ல டூலை வேண்டாம்னு ரெண்டு பேருக்கு சொல்லிட்டு அப்பறம் கூப்பிட்டு மாத்திச் சொன்னேன்.

இன்னொரு விஷயம், சிலது போர்ட்டபிளா மாறத் தயாரா இருக்கும், நாமதான் சொல்லணும். நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் ஜிப்ல டூ-லோக்கல்-கான்ஃப்னு ஒரு எக்ஸ்எம்எல் இருக்கும், அது இஎக்ஸ்இ பக்கத்துல இருந்தாத்தான் செட்டிங்கை அதே ஃபோல்டர்ல வைக்கும், காலி ஃபைல்தானேன்னு அதை அழிச்சுட்டு வந்து கேக்கறவங்க இருக்காங்க. விஎல்சி ஜிப்பைப் பிரிச்சு அதுக்குள்ள போர்ட்டபிள்னு ஒரு ஃபோல்டர் போடணும், விஷுவல் ஸ்டுடியோ கோடு ஜிப்னா டேட்டான்னு ஒரு ஃபோல்டர். பென்டிரைவ்ல விண்டோஸ் ஏத்தற ரூஃபஸ்ல ஃபைல் பேர் கடைசில இருக்கற பி எழுத்துதான் எல்லாமே, நீங்க மொத தடவை தொறக்கறதுக்கு முன்னாடியே அழகா இருக்கட்டும்னு பேரை மாத்தினா போர்ட்டபிள் தன்மையும் போயிரும். இந்த மாதிரி ஒவ்வொண்ணுக்கும் ஒரு குறிப்பு இருக்கும், ஜிப்புக்குள்ள இருக்கற ரீட்மீயை ஒரு தடவை படிங்க தம்பி, முப்பது டூலுக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை போதும்.

கேள்வி: போர்ட்டபிள் குரோம் பென்டிரைவ்ல வச்சிருக்கேன். புக்மார்க் எல்லாம் வருது, பாஸ்வேர்டு மட்டும் வேற சிஸ்டத்துல வர மாட்டேங்குது. ஃபைல் கெட்டுப்போச்சா?
– வாடிப்பட்டி வாசகர்

பதில்: கெட்டுப்போகலைங்க, பூட்டு அந்த சிஸ்டத்துல இருக்கு. குரோம் விண்டோஸ்ல பாஸ்வேர்டை பூட்டறதுக்கு விண்டோஸ் தர்ற பூட்டையே எடுத்துக்கிடும், அந்த சாவி நீங்க லாகின் பண்ண விண்டோஸ் யூஸரோட ஒட்டினது. ஃபைல் உங்க கூட வந்துச்சு, சாவி அங்கயே நின்னுருச்சு. ஃபயர்ஃபாக்ஸ்ல சாவியும் அந்த ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள்ளயே இருக்கறதால வந்துரும், வந்துரும்ங்கறதுதான் ஆபத்தும், பென்டிரைவ் தொலைஞ்சா எடுத்தவன் கைல எல்லாமே இருக்கும், அதனால ப்ரைமரி பாஸ்வேர்டு (எல்லா பாஸ்வேர்டையும் சேத்துப் பூட்டற ஒரே பாஸ்வேர்டு) போடாம வெளிய கொண்டு போகாதீங்க.

கேள்வி: சார், காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். வீட்டு லேப்டாப்ல நல்லா ஓடுற ஒரு டூல் லேப் சிஸ்டத்துல எம்எஸ்விசிபி140 டிஎல்எல் காணோம்னு சொல்லி நின்னுருது. லேப்ல எதுவும் இன்ஸ்டால் பண்ண விட மாட்டாங்க. அந்த டிஎல்எல்லை மட்டும் நெட்ல எடுத்துப் போடலாமா?
– திருமங்கலம் வாசகி

பதில்: டிஎல்எல் மட்டும் தனியா குடுக்கற சைட் பக்கம் போகவே போகாதம்மா, அதுல என்ன கலந்து குடுக்கறாங்கன்னு யாருக்கும் தெரியாது. விஷயம் இதுதான், அந்த டூல் மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ்ல எழுதினது, அது ஓடறதுக்கு ஒரு ரன்டைம், அதாவது கூடவே இருக்க வேண்டிய துணை ஃபைல்கள் தேவை, அதுல ஒண்ணுதான் அந்த டிஎல்எல். உன் வீட்டு லேப்டாப்ல ஏதாச்சும் கேமோ வேற சாஃப்ட்வேரோ போட்டப்ப அந்த ரன்டைமும் சேந்து வந்திருக்கும், நமக்குத் தெரியாது. அதை இன்ஸ்டால் பண்ண அட்மின் வேணும், லேப்ல நடக்காது. மேல சொன்ன புது யூஸர் சோதனைல இது மாட்டாது, ஏன்னா ரன்டைம் சிஸ்டம் முழுசுக்கும் பொது, சாண்ட்பாக்ஸ் மாதிரி புது விண்டோஸ்லதான் மாட்ட வாய்ப்பு இருக்கு.

எழுதினவங்க பொறுப்பா செஞ்சிருந்தா அந்த டிஎல்எல்லை இஎக்ஸ்இ பக்கத்துலயே வச்சுக் குடுத்திருப்பாங்க, இல்ல உள்ளயே சேத்துக் கட்டியிருப்பாங்க. அதே டூலோட சொந்த சைட்ல வேற ஜிப் இருக்கான்னு பாரு, இல்லைன்னா லேப் பொறுப்பாளர்கிட்ட மைக்ரோசாஃப்ட் சைட்ல இருந்து எடுத்த ரன்டைமைப் போடச் சொல்லிக் கேளு, கேட்டா பெரும்பாலும் செய்வாங்க. மைக்ரோசாஃப்ட்டோட இன்னொரு ரன்டைமான டாட்நெட்லயும் இதே கதைதான், பழைய 3.5 கேக்கற டூல்னா விண்டோஸ் 10ல அது அணைஞ்சு கெடக்கும், எழுப்ப அட்மின் வேணும், 4.8 கேக்கற டூல்னா 2019 மே அப்டேட்டுக்கு அப்பறம் வந்த விண்டோஸ் 10லயும் 11லயும் அது உள்ளயே இருக்கு. 32 பிட் டூல் 32 பிட், 64 பிட்னு ரெண்டு வகை விண்டோஸ்லயும் ஓடும், 64 பிட் டூல் பழைய 32 பிட் விண்டோஸ்ல தொறக்கவே தொறக்காது, லேப்ல பழைய மெஷின் இருந்தா இதையும் பாத்துக்க.

தொறக்கறதுக்கு முன்னாடியே ஒண்ணைக் கவனிக்கலாம், ஐகான் மூலைல மஞ்சளும் நீலமுமா ஒரு சின்னக் கேடயம் ஒட்டியிருந்தா அது அட்மின் கேக்கும்னு அர்த்தம். ஹார்டுவேர் விவரம் காட்டுற டூல்கள் நெறைய உள்ளுக்குள்ள ஒரு டிரைவரை ஏத்தும், ரைட் கிளிக் மெனுல தன் பேரைச் சேக்கற டூலும் ரெஜிஸ்ட்ரில எழுதாம சேக்க முடியாது. அதெல்லாம் லேப்புக்கு ஆகாதும்மா, என்னதான் போர்ட்டபிள்னு போட்டிருந்தாலும்.

கேள்வி: வணக்கம் சார். கொஸ்டின் பேப்பர் அடிக்கிறதுக்கு தமிழ் டைப்பிங் டூலும் ஃபைல்களும் பென்டிரைவ்ல வச்சிருக்கேன். ஸ்கூல் சிஸ்டத்துல தொறந்தா தமிழ் போயி இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியுமா வருது. இன்னொரு டூல் 'தேர்வு'ன்னு பேர் வச்ச ஃபோல்டர்ல இருந்தா தொறக்கவே மாட்டேங்குது.
– மேலூர் வாசகி, ஆசிரியை

பதில்: டீச்சர், ரெண்டும் வேற வேற பிரச்சினை, ஆனா ரெண்டுமே நம்மள மாதிரி இங்கிலீஷ் அல்லாத எழுத்துல எழுதறவங்களுக்கு வர்ற பிரச்சினை, இங்கிலீஷ்ல எழுதற சோதனைக் குறிப்புகள்ல பெரும்பாலும் இது இருக்காது, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

மொதல்ல அந்த இங்கிலீஷ் எழுத்து. நீங்க அடிக்கிறது பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டா இருக்கணும். அந்த ஃபைலுக்குள்ள தமிழே இல்லைங்க டீச்சர். அம்மான்னு நீங்க அடிச்சது உள்ள இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாத்தான் பதிஞ்சிருக்கு, பாமினி ஃபான்ட் மேல போர்த்தினாத்தான் அது அம்மாவா தெரியும். டூலைக் கொண்டு போனீங்க, போர்வையைக் கொண்டு போகலை. விண்டோஸ் 10ல 2018 அக்டோபர் அப்டேட்டுல இருந்து அட்மின் இல்லாமலே நமக்கு மட்டும்னு ஃபான்ட் போட்டுக்கலாம், அதனால ஃபான்ட் ஃபைலையும் பென்டிரைவ்ல வச்சுக்கங்க, அங்க போயி ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்டால் குடுத்தா போதும். ஆனா என் மனசுல பட்டதைச் சொல்றேன், இனிமே அடிக்கிறதை யுனிகோடுல, அதாவது ஃபைலுக்குள்ளயே தமிழ் எழுத்தாப் பதியற முறைல அடிங்க. விண்டோஸ் 8ல இருந்து நிர்மலா யூஐங்கற ஃபான்ட் எல்லா சிஸ்டத்துலயும் தமிழோட இருக்கு, தமிழ்99 கீபோர்டும் விண்டோஸ் 10, 11ல உள்ளயே இருக்கு, செட்டிங்ல தமிழைச் சேத்துக்கிட்டா தனி டூலே கொண்டு போக வேண்டியதில்ல. நீங்க அடிச்ச கேள்வித்தாள் பத்து வருஷம் கழிச்சு வேற டீச்சர் தொறந்தாலும் தமிழாவே தெரியணும்ல. ப்ரிண்ட்டுக்குக் குடுக்கறப்ப மட்டும் பிடிஎஃப் ஆக்கிக் குடுத்துருங்க, ஃபான்ட் அதுக்குள்ளயே போயிரும்.

டைப்பிங் டூல்ல இன்னொரு சந்தேகம் பின்னாடி வரும், இப்பவே சொல்லிடறேன், சாதாரணமா தொறந்த டூல் அட்மினா தொறந்த ஜன்னலுக்குள்ள தமிழ் அடிக்காது, விண்டோஸ் பாதுகாப்புக்காக விடாது, டூல் கெட்டுப்போச்சுன்னு நெனைக்காதீங்க.

ரெண்டாவது, 'தேர்வு' ஃபோல்டர். யுனிகோடு பழகாம எழுதின பழைய டூலுக்கு அந்த ஃபோல்டர் பேரு வெறும் கேள்விக்குறியாத்தான் தெரியும், அந்தப் பேர்ல ஃபோல்டர் எங்கன்னு தேடி இல்லைன்னு நின்னுரும். ஃபோல்டர் பேரை மாத்தினா இன்னைக்கு ஓடிரும். ஆனா விண்டோஸ் யூஸர் பேரையே தமிழ்ல வச்சிருக்கற சிஸ்டத்துல அந்த டூல் தற்காலிக ஃபைல் வைக்கற டெம்ப் ஃபோல்டருக்குப் போகறப்பவும் இடறும், அது யூஸர் ஃபோல்டருக்குள்ளதான இருக்கு. அதனால என்கிட்ட வர்ற எந்த டூலையும் தமிழ்ப் பேர் வச்ச ஃபோல்டர்ல போட்டு ஒரு தடவை ஓட்டிப் பாக்காம நான் நல்லதுன்னு சொல்றதில்ல. நம்ம மொழிப் பேர்ல ஒரு ஃபோல்டர் வச்சா தடுமாறுற டூல் நம்ம ஊருக்கு போர்ட்டபிள் இல்ல, இதுல எனக்கு ரெண்டாவது பேச்சு கெடையாது.

கேள்வி: போர்ட்டபிள் டூல் யூஸ் பண்ணா அடுத்தவங்க சிஸ்டத்துல ஒரு தடயமும் இருக்காதாமே?
– அவனியாபுரம் வாசகர்

பதில்: இருக்கும். டூல் எதையும் எழுதாட்டியும் விண்டோஸ் எழுதும். என்ன பேர்ல எந்த இஎக்ஸ்இ ஓடுச்சுன்னு விண்டோஸோட ப்ரீஃபெட்ச்ங்கற ஃபோல்டர்ல இருக்கும், உங்க பென்டிரைவோட சீரியல் நம்பர் கூட ரெஜிஸ்ட்ரில பதிஞ்சிருக்கும். ப்ரவுசிங் சென்டர்ல போயி பென்டிரைவ் ப்ரவுசர்ல பேங்க் வேலை பாக்கலாம்னு நெனைச்சுக் கேட்டிருந்தா தயவு செஞ்சு வேண்டாம், நீங்க அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் அந்த சிஸ்டத்துல ஒரு கீலாகர் எடுத்துக்கிட்டு இருந்தா எந்த போர்ட்டபிளும் காப்பாத்தாது.

கேள்வி: ஜெராக்ஸ் கடைல ப்ரிண்ட் எடுத்துட்டு வந்ததுல இருந்து பென்டிரைவ்ல ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா தெரியுது. டூல்கள் மட்டும் ஓடுது. அதையாச்சும் அப்படியே வச்சுக்கலாமா?
– உசிலம்பட்டி வாசகர்

பதில்: வேண்டாம்ணே, அது பெரும்பாலும் வைரஸ் வேலை. ஓடுதுங்கறதுக்காக நல்லா இருக்குன்னு ஆகாது, இஎக்ஸ்இக்குள்ளயே புகுந்து ஒட்டிக்கற வைரஸ் இருக்கு, டூல் வழக்கம் போல தொறக்கும், கூடவே அதுவும் தொறக்கும். போர்ட்டபிள் டூல் வச்சிருக்கறவங்களுக்கு இது ரெட்டை ஆபத்து, ஏன்னா நாம அந்த பென்டிரைவை வீடு வீடா, ஆபீஸ் ஆபீஸா கொண்டு போயி சொருகுறோம்.

எனக்கே நடந்துச்சு. பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைல அவசரமா நாலு பக்கம் ப்ரிண்ட் எடுத்தேன், அதே பென்டிரைவோட சாயங்காலம் ஒரு தெரிஞ்சவங்க வீட்டுக்குப் போயி அவங்க சிஸ்டத்தை சரி பண்ணிக் குடுக்கறேன்னு சொருகிட்டேன். சரி பண்ணப் போன எடத்துல வைரஸை நான்தான் கொண்டு போயி விட்டுட்டு வந்தேன், அவங்க புள்ளையோட ப்ராஜெக்ட் ஃபைல் எல்லாத்தையும் மீட்டுக் குடுக்க ரெண்டு ராத்திரி ஆச்சு. இன்னைக்கும் அந்த வீட்டுக்குப் போறப்ப கூச்சமா இருக்கு.

அதுல இருந்து டூலை டவுன்லோடு பண்ண உடனே ஒவ்வொரு இஎக்ஸ்இக்கும் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ், அதாவது ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு குறியீடு எடுத்து வச்சுக்கிறேன். தனி டூல் வேண்டாம், விண்டோஸ்லயே செர்ட்யூட்டில்னு ஒரு கமாண்ட் இருக்கு, அதுக்குப் பின்னாடி ஹைஃபனோட ஹாஷ்ஃபைல்னு அடிச்சு, ஃபைல் பேரும் எஸ்ஹெச்ஏ256ன்னும் குடுத்தா 64 எழுத்துல ஒரு வரி வரும். அந்த வரியை பென்டிரைவ்ல வைக்கக் கூடாது, போன்லயோ மெயில்லயோ வைக்கணும். சந்தேகம் வந்தா திரும்ப எடுத்துப் பாருங்க, ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அந்த இஎக்ஸ்இயை யாரோ தொட்டிருக்காங்க. ஐஎன்ஐ ஃபைல் மாறத்தான் செய்யும், அதை விட்டுருங்க, இஎக்ஸ்இயும் டிஎல்எல்லும் நாமளா அப்டேட் பண்ணாம மாறவே கூடாது.

உங்களுக்கு இப்ப ஹாஷ் கைல இல்ல, அதனால ஒப்பிட வழியில்ல. சொந்த ஃபைல்களை மட்டும் ஒரு நல்ல ஆன்டிவைரஸ் இருக்கற சிஸ்டத்துல எடுத்துக்கிட்டு, பென்டிரைவை ஃபார்மட் பண்ணிட்டு, டூல் ஒவ்வொண்ணையும் அதோட சொந்த சைட்ல இருந்து புதுசா எடுங்க. ப்ரிண்டுக்குன்னு சின்னதா வேற ஒரு பென்டிரைவ் வாங்கிக்கங்க, அதுல பிடிஎஃப் மட்டும் இருக்கட்டும். என் சாவிக்கொத்துல இப்ப ரெண்டு தொங்குது, ப்ரிண்டுக்கு உள்ளதுல சிவப்பு நூல் கட்டியிருக்கேன்.